பன்னிரண்டில் சைபர்

உறை ஒட்டியிருக்கவில்லை.
பதுளையிலிருந்து பசறைக்கு வரும் பஸ்ஸில்
டிரைவருக்குப் பின்சீட்டில் வைத்து வாசித்தேன்.
வாசித்தேன் என்றால்
தெரிந்த எழுத்துகளைத் தேடினேன்.

பதினேழு வருசம் சலிப்பறையில் நிற்கிறேன்.
என் இங்கிலீஷ் சாக்கில் அடிக்கிற இங்கிலீஷ்:
பி.ஓ.பி., பென்னிங்ஸ், டஸ்ட் ஒன்று.
அந்தத் தாளில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்
கிரேட்.
பக்கத்தில் இரண்டு.
"கிரேட் டூவாம், மோசமில்லை" என்றேன்.
தவமலர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
ஒன்றும் சொல்லவில்லை.

மாசியில் குளித்துவிட்டு வந்து
"இங்க ஒரு கட்டி" என்றாள்.
பால் கட்டியிருக்கும் என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.
கடைசிப் பிள்ளைக்குப் பதினொரு வயது.
தோட்டத்து மருந்துக்காரர் நெறி என்றார்,
பெனடோல் தந்தார்.
பதுளையில் டொக்டர் 'கெடிய' என்றார்.
சிங்களத்தில் அது காய்க்கும் பெயர், கட்டிக்கும் பெயர்.
இவள் கொய்யாக்காய் அளவு என்று கையைக் குவித்தாள்,
அவர் இல்லை, நெல்லிக்காய் என்று விரலை ஒடுக்கினார்.
சந்தையில் பேரம் பேசுவது போலிருந்தது.

பிறகு பயொப்சி.
இவள் வாயில் அது 'பய ஊசி' ஆயிற்று.
நான் திருத்தவில்லை.

முழுச்சொல்லை ஒருவரும் சொல்லவில்லை.
நேர்ஸ்மார் "சி.ஏ." என்றார்கள்.
வரிசையில் நின்ற அம்மே ஒருத்தி
முந்தானையால் வாயைப் பொத்தி "பிலிக்கா" என்றாள்.
தமிழில் அதற்குள்ள சொல் எனக்குத் தெரியும்.
எட்டாம் நம்பர் மலை முடக்கில் நிற்கிறது,
மஞ்சள் சீலை சுற்றி, குங்குமம் வைத்து.
வெள்ளிக்கு வெள்ளி
அதற்குப் பால் வார்ப்பவள் இவள்.
யார் கொண்டுபோய் வைத்தான் அந்தப் பெயரை
இவள் மார்பில்?
ஒரு வெள்ளி போகாமல் இருந்தாள்.
அடுத்த வெள்ளி போனாள்.
புற்றிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
ரொசாந்தி மிஸ், ஹாலிஎலப் பிள்ளை,
தாளை மேசையில் விரித்துத் தமிழில் சொன்னார்.
"கிரேட் வேற, ஸ்டேஜ் வேற, அண்ணன்.
கிரேட்டுன்னா அதோட குணம்.
ஸ்டேஜுன்னா அது எவ்வளவு தூரம் போயிருக்கு."
விளங்கியது.
ஒன்று தேயிலை,
மற்றது லொறி.

"அக்குள்ல பன்னிரண்டு நெறி எடுத்துப் பாத்தாங்க.
பன்னிரண்டுல சைபர்."
தவமலர் தலையைக் குனிந்தாள்.
ஏழாம் வகுப்பில் கணக்குக்கு சைபர் வாங்கி
பள்ளிக்கூடத்தை விட்டவள்.
"ஐயோ இல்லக்கா, இங்க சைபர்தான் நல்லது.
ஒண்ணுலயும் இல்ல."
ஒண்ணுலயும் இல்ல, என்று
இவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்,
சுடுதேத்தண்ணியை நாக்கில் வைத்துப் பார்ப்பது போல.

வெட்டின ஓரமும் சுத்தமாம்.
எவ்வளவு?
இரண்டு மில்லிமீட்டர்.
எட்டாம் நம்பர் சல்லடைக் கண் அதைவிட அகலம்.

மேலும் சில சொல் எழுதித் தந்தார்கள், கீமோ ஆறு தரம்,
இடக்கையில் பாரம் தூக்கக்கூடாது.
துண்டைத் துரையிடம் கொடுத்தேன்.
அவருக்கு எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தது.
"அப்ப எத்தனை கிலோ எடுப்பா?" என்றார்.
குறைந்தால் அரைப்பேர்.
அந்தச் சொல்லை யாரும்
எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இரவு கிளினிக் கொப்பியைப் புரட்டிய மகன்
சிவப்புப் பேனையில் மிஸ் வட்டம் போட்ட இடத்தைக் கண்டு
"பன்னிரண்டுக்கு சைபரா? யாரம்மா பெயில்?" என்றான்.
தழும்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு
இவள் சிரிக்கத் தொடங்கினாள்,
நிறுத்த முடியாமல்,
லயத்தில் நாலு காம்பராவுக்குக் கேட்க.